சாகாத புல்

"இன்னுமொரு சதைத் துண்டு எடுத்துப் பார்க்கலாமா?" என்று வைத்தியர் கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னேன். 2018ஆம் ஆண்டின் இறுதியில், கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் நடைக்கூடத்தில் நின்றபடி பேசிய பேச்சு அது. ஐந்து நிமிடம்கூட எடுத்திராது. அந்தப் பதில் சரியா பிழையா என்று அதன்பின் நான் யோசித்த நாட்களுக்குக் கணக்கில்லை.

நோயாளி என் மூத்த காக்கா. நுரையீரலில் புற்று. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டறியாத வயற்காரர். இருந்தும் செய்தி கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் என்னை ஒரு பக்கமாக அழைத்து, "களவாக் குடிச்சவரோ மாஸ்டர்?" என்றுதான் விசாரித்தார்கள். நோயாளியிடம் ஒரு குற்றத்தைக் கண்டுவிட்டால், அந்த நோய் தங்கள் வாசலுக்கு வராது என்றொரு நிம்மதி போலும்.

முதலில் எடுத்த சதைத் துண்டை வெளியே அனுப்பிச் சோதித்தபோது, புகைக்காத ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரு மரபணு விகாரம் அதில் இருப்பது தெரிந்தது. ஜெஃபிட்டினிப் என்ற குளிசை, நாளுக்கு ஒன்று. மூன்றாம் கிழமையில் மூச்சிரைப்புக் குறைந்தது. இரண்டாம் மாதம் சைக்கிளில் வயலுக்குப் போனார். மதினி நேர்ச்சை வைத்திருந்த கந்தூரியைக் கொடுத்து முடித்தார். பதினான்கு மாதங்கள் இப்படிப் போயின. பிறகு இருமல் திரும்பி வந்தது. ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

மருந்து ஏன் தோற்றது என்பதை அறிய வேண்டுமானால், வளர்ந்த இடத்தில் ஊசி செலுத்தி மீண்டும் ஒரு துண்டு எடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். அறிந்தால் வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். சிலருக்குப் பொருந்தும் மருந்து ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதன் விலையையும் மறைக்காமற் சொன்னார். எங்கள் வயல் முழுவதையும் விற்றாலும் சில மாதங்களுக்குத்தான் காணும். "அப்படியெண்டா எதுக்கு சேர் அவரைக் குத்துவான்?" என்றேன். "எங்களுக்கும் தெரிய வேணும். இவருக்குப் பின்னால வாறவங்களுக்கு உதவும்" என்றார். நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை. நான் தலையாட்டி மறுத்துவிட்டு வந்தேன். நான்கு மாதங்களின் பின் காக்கா மௌத்தானார். அன்று அஸருக்கு முன்பே எங்கள் ஊர் மையவாடியில் அடக்கினோம்.

'பின்னால வாறவங்களுக்கு' என்ற சொல்தான் என்னை விடவில்லை. என்னிடம் படித்து மருத்துவபீடம் போன மாணவன் ஒருவனைப் பிடித்து, அந்தக் குளிசையின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டறிந்தேன். அவன் தந்தவற்றை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன்.

ஜெஃபிட்டினிப் 2002இல் ஜப்பானிலும் 2003இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அப்போது அது யாருக்கு வேலை செய்யும் என்று எவருக்கும் தெரியாது. மேற்கு நாடுகளில் பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஏறத்தாழ ஒருவருக்குக் கட்டி கரைந்தது, மற்றவர்களுக்கு இல்லை. 2004இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள், குணம் கண்டவர்களின் கட்டித் துண்டுகளை ஆராய்ந்து காரணத்தைச் சொல்லின. கலத்தின் மேற்பரப்பில் ஈ.ஜீ.எப்.ஆர். என்றொரு வாங்கி இருக்கிறது. 'வளர்' என்ற கட்டளையை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்புவது அதன் தொழில். அதற்குரிய மரபணுவில் விகாரம் ஏற்பட்டவர்களுக்கு, அணைக்க முடியாத ஆளியைப்போல அது எந்நேரமும் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. குளிசை அந்த ஆளியின் குழிக்குள் போய் அமர்ந்து அதை அணைக்கிறது.

அணைந்தது மறுபடி எரிவது எப்படி? 2005இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் ஒரேயொரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இந்தக் குளிசையால் இரண்டு ஆண்டுகள் நோயின் தடயமே இல்லாமல் இருந்தவர் அவர். நோய் திரும்பியபோது அவரிடமிருந்து இரண்டாவது துண்டு எடுக்கப்பட்டது. அந்த மரபணுவில் புரதத்துக்கான குறியீடு மட்டும் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகள். அவற்றில் ஒன்றேயொன்று புதிதாக மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோவமிலம் போய் மெதியோனின் வந்திருந்தது. இந்த மாற்றத்தின் பின் அந்தக் குழி, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீ.யை முன்னிலும் இறுகப் பற்றிக்கொள்கிறது. குளிசைக்கு இடம் கிடைப்பதில்லை. டீ790எம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகளை உண்டு பின்னர் நோய் திரும்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்த மாற்றமே இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

இந்த மாற்றத்தை மீறி வேலை செய்யும் ஒஸிமேர்ட்டினிப் அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு நவம்பரில் அனுமதி பெற்றது. வைத்தியர் விலை சொன்ன மருந்து அதுதான். 797ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனைக் கொளுவிப் பிடித்து அது வேலை செய்கிறது. அதே 2015இலேயே, அந்தச் சிஸ்டீன் இருந்த இடத்தில் செரீனை வைத்துக்கொண்டு தப்பிய புற்றுக்கலங்களும் நோயாளிகளின் இரத்தத்தில் அடையாளம் காணப்பட்டன. கொளுவ இடமில்லை, மருந்து வழுக்குகிறது.

வயற்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் நெற்சப்பியில் பெரும்பாலானவை கருகும். கருகாத நாலைந்து விதை உதிர்க்கும். சில வருடங்களில் வயல் முழுக்க அந்த நாலைந்தின் பிள்ளைகள்தான். நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவன். கூர்ப்பு பற்றிய அலகு வரும்போது எங்கள் பாடசாலைகளில் பக்கத்தைச் சற்று வேகமாகப் புரட்டும் வழக்கம் உண்டு. நானும் புரட்டியிருக்கிறேன். என் காக்காவின் நெஞ்சுக்குள் பதினான்கு மாதங்களில் நடந்தது அதுதான் என்று விளங்கியபின் அந்தப் பக்கத்தில் நின்று நிதானமாகவே பாடம் நடத்துகிறேன்.

ஆனால் புல்லின் உவமை ஓரளவுக்குத்தான் செல்லும். தப்பிய கலம் மருந்துக்கு முன்பே அங்கிருந்ததா, மருந்துக்குப் பின் உருவானதா? பற்றீரியாக்களைப் பற்றி லூரியா, டெல்புரூக் என்ற இருவர் 1943இல் எழுப்பிய கேள்வி இது. எதிர்ப்பு முன்பே இருக்கிறது என்பதே அவர்கள் கண்ட விடை. புற்றில் விடை அவ்வளவு நேரானதாக இல்லை. 2010இல் பொஸ்டனில், ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து ஆய்வுகூடத்தில் பெருக்கப்பட்ட கலங்களின்மேல் கடுமையாக மருந்தைச் செலுத்தினார்கள். ஆயிரத்தில் மூன்று அளவில் மிஞ்சின. மருந்தை நிறுத்தி வளரவிட்டபோது அவற்றின் சந்ததி மீண்டும் மருந்துக்குப் பணிந்தது. அவை மாறிய கலங்களல்ல. கடும் மழைக்கு ஒதுங்கி நின்றவை. 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, டீ790எம் இரு வழிகளாலும் வரக்கூடும் என்று காட்டியது. சில கலங்கள் முன்பே அதைக் கொண்டிருந்தன. வேறு சில, ஒதுங்கி நின்ற காலத்தில் அதைப் பெற்றன. முன்பே இருந்ததை ஒருவகையில் தாக்க வேண்டும், ஒதுங்கி நிற்பதை இன்னொரு வகையில். ஆகையால் இது வெறும் தத்துவக் கேள்வியன்று.

இவற்றை அறிய வேறு குறுக்கு வழி இருக்கவில்லை. மருந்துக்கு முன் ஒரு துண்டு, தோற்றபின் ஒரு துண்டு. அதுவும் போதாது. லண்டனில் சார்ள்ஸ் ஸ்வான்டன் தலைமையில் 2014இல் தொடங்கிய ட்ரேசர்-எக்ஸ் ஆய்வில் ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்தார்கள். முதல் 100 பேரின் முடிவுகள் 2017இல் வந்தன. ஒரே கட்டியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் விகாரங்கள் வேறுபட்டிருந்தன. ஒரு துண்டை வைத்துக்கொண்டு கட்டியை அறிந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

அத்தோடு இணைந்த இன்னோர் ஆய்வு இருக்கிறது. மரியம் ஜமால்-ஹஞ்சானி என்ற வைத்தியர் முன்னின்று நடத்துவது. பெயர் 'பீஸ்', அதாவது அமைதி. நோய் முற்றிய ஒருவர் உயிரோடிருக்கும்போதே சம்மதம் தருகிறார். அவர் இறந்தபின், தாமதியாமல், உடலெங்கும் பரவிய கட்டிகளிலிருந்து துண்டுகள் எடுக்கப்படுகின்றன. உயிரோடு இருப்பவரின் மூளையிலும் ஈரலிலும் முதுகெலும்பிலும் வேண்டியபோதெல்லாம் ஊசி ஏற்ற முடியாதல்லவா! கடைசியில் அவரைக் கொன்ற கலம் எது, எங்கிருந்து புறப்பட்டது என்பதை அவருடைய ஜனாஸாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கையொப்பமிடும் அந்த மனிதருக்கு இதில் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. முடிவை அவர் வாசிக்கப் போவதில்லை. அந்த மருந்தை அவர் விழுங்கப் போவதில்லை. பயன்படப்போகிறவரின் முகமும் அவருக்குத் தெரியாது. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் மிம்பரில் பேசுவதற்கு இதைவிட நெருங்கிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மவர் என்ன சொல்வார்கள் என்பதையும் அறிவேன். உடல் அல்லாஹ்வின் அமானத். அதை வெட்டிக் கொடுக்க நாம் யார்? மய்யித்தின் எலும்பையும் உயிருள்ளவரின் எலும்பைப்போல் மதிக்கச் சொன்ன மார்க்கம் இது. அடக்கத்தைத் தாமதிக்கலாகாது. இவை ஒவ்வொன்றும் கனமானவை. 'பழைமைவாதம்' என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலேயே, இறந்த தாயின் வயிற்றில் பிள்ளை உயிரோடிருந்தால் வயிற்றைக் கீறி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மய்யித்தின் கண்ணியத்தை உயிரின் தேவையோடு ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் துணிவு நம் இமாம்களுக்கு இருந்தது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹு சபையும், நோயை அறிவதற்கும் மருத்துவம் கற்பதற்கும் உடலைத் திறப்பதை, தேவையின் அளவைத் தாண்டாமை போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. வயிற்றிலுள்ள பிள்ளை நம் கண்முன்னால் துடிக்கிறது. பத்து வருடங்கள் கழித்து வரப்போகும் நோயாளி துடிப்பது தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதானோ என்று ஒரு மௌலவி நண்பரிடம் கேட்டேன். "காணாததுக்காக அமல் செய்றதுதானே ஈமான்" என்று சிரித்தார். பத்வாத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் வாங்குகிறவர்கள். 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்திலிருந்து பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்குக் கண்கள் போயிருக்கின்றன. சிங்கள பௌத்தர்கள் கொடுத்துவிட்டுப் போன கண்களால் குர்ஆன் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். காக்காவின் குளிசையும் அப்படியே. ஹொங்கொங், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா முதலிய இடங்களில் 1217 நோயாளிகளோடு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2009இல் வந்தது. அவர்களில் 437 பேரின் கட்டித் துண்டுகளில்தான் மரபணுச் சோதனையின் விடை கிடைத்தது. விகாரம் இருந்த 261 பேருக்கு ஜெஃபிட்டினிப் நன்றாக வேலை செய்தது. இல்லாத 176 பேரைப் பார்த்தால், வழக்கமான மருந்து பெற்றவர்களைவிடக் குளிசை பெற்றவர்களே கெட்ட பலனைக் கண்டார்கள். முதலில் சோதி, பிறகு கொடு என்ற ஒழுங்கு உறுதிப்பட்டது இந்தத் துண்டுகளால்தான். குளிசை தோற்றவர்களின் துண்டும் அதில் இருக்கிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் சேர்ந்தவர்களில் கலிமாச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். காக்கா சைக்கிளில் வயலுக்குப் போன அந்தப் பதினான்கு மாதங்களை அந்த 437 பேர் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்கப்பட்டபோது நான் கையை விரித்தேன்.

கொடுப்பது கடமை என்று சொல்ல வரவில்லை. கொடுக்கப்பட்டது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்குண்டு. நோயாளிகள் சும்மா கொடுத்த துண்டுகளிலிருந்து பிறந்த அறிவு, அமெரிக்கச் சந்தைக்கு வரும்போது மாதத்துக்கு 12,000 டொலருக்கு மேல் விலையுள்ள ஒஸிமேர்ட்டினிப் ஆகிவிட்டது. ஊருக்கென்று கிணறு வெட்டி வக்பு செய்தவர் மௌத்தானபின் எவனோ ஒருவன் வாளிக்கு விலை வைத்து உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? வெட்டியவரின் நன்மை குறையாது என்பது சரி. தாகத்தோடு நிற்பவனிடம் அதைச் சொல்லி அனுப்ப முடியாது. அன்று நான் மறுத்ததில் இந்தக் கோபத்துக்கும் ஒரு பங்கிருந்தது. எனக்குக் கிடைக்காத மருந்துக்கு என் காக்கா ஏன் சதை கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். அது போய்ச் சேர்ந்த முகவரிதான் பிழை. பொஸ்டனின் அந்த முதல் நோயாளி துண்டு கொடுத்தபோது அவருக்கும் அந்த மருந்து கிடையாது. அது வரப் பத்து ஆண்டுகள் இருந்தன.

காக்கா போய் ஒரு வருடத்தில் கொவிட் வந்தது. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். இருபது நாள் பாலகனையும் எரித்தார்கள். பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க இடம் தந்தார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் நோயோடு வைத்தியசாலைக்குப் போகவே அஞ்சியவர்கள் உண்டு. மய்யித்தின் பக்கம் நீளும் எந்தக் கையையும் நாம் சந்தேகிப்பதென்றால் அந்தச் சந்தேகத்தை நமக்குக் கற்றுத் தந்தார்கள். லண்டனில் நடப்பதையும் இங்கு நடந்ததையும் பிரித்துக் காட்டுவது கத்தியோ நெருப்போ அல்ல, 'சம்மதமா?' என்ற கேள்வி. அங்கே கேட்கிறார்கள். மறுக்கலாம், கையொப்பமிட்ட பிறகும் மனம் மாறலாம். இங்கே எங்களிடம் எவரும் கேட்கவில்லை.

2021இல் பள்ளிவாசல் கூட்டமொன்றில் இதை நான் உரத்த குரலில் பேசினேன். "எங்களிடம் கேட்டார்களா?" என்று மேசையில் தட்டிக் கேட்டேன். பேசி முடித்து உட்கார்ந்தபோதுதான் நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது.

அந்த நடைக்கூடத்தில் காக்கா எங்களுக்கு இருபது அடி தூரத்தில் வாங்கில் இருந்தார். மடியில் எக்ஸ்ரே உறை. வைத்தியர் என்னிடம் கேட்டார், நான் படித்தவன் என்பதால். நான் பதில் சொன்னேன், நான் படித்தவன் என்பதால். "என்னவாம் தம்பி?" என்று காக்கா கேட்டபோது, "ஒண்டுமில்ல காக்கா, மருந்து மாத்துவாங்களாம்" என்றேன். அவருடைய நெஞ்சு, அவருடைய துண்டு, அவர் கொடுத்திருக்கக்கூடிய ஸதகா. மறுத்தது தவறா என்று இத்தனை வருடங்கள் என்னை நானே கேட்டேன். மறுப்பதற்கு எனக்கு உரிமை இருந்ததா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் மறுத்திருப்பார் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நோய்க்குச் சில வருடங்கள் முந்திய ஒரு சிறுபோகத்தில், களைநாசினி அடித்தும் அவருடைய வயலின் ஒரு மூலையில் நெற்சப்பி பச்சையாகவே நின்றது. மருந்தில் கலப்படம் என்றார் பக்கத்து வயற்காரர். காக்கா நாலைந்து புல்லைச் சேற்றோடும் வேரோடும் பிடுங்கி, பழைய பத்திரிகையில் சுற்றி, கமநல சேவை நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். விவசாயப் போதனாசிரியர் அன்று இல்லை. மறுநாளும் போனார். ஒரு புல்லுக்காக இரண்டு நாள் ஏன் அலைகிறீர்கள், உங்கள் வயலுக்கு இந்தப் போகம் ஒன்றும் ஆகப்போவதில்லையே என்று நான் கேட்டேன். "செத்த புல்லு என்னத்தச் சொல்லும் தம்பி? சாகாத புல்லக் கொண்டு காட்டினாத்தானே அவங்களுக்கு வெளங்கும்" என்றார்.

சென்ற நோன்புப் பெருநாளன்று மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரிட்டக் கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாரு" என்றார். பிறகு, "நான் உட்டிருக்க மாட்டன்" என்றார்.